காலர் திருப்பிய சட்டை

சுனாமி வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. திருவாரூரிலிருந்து நாங்கள் ஏழெட்டுப் பேர் நிவாரண வேலைக்காக நாகப்பட்டினம் போனோம். அரிசி மூட்டை இறக்கச் சொல்வார்கள் என்று நினைத்துப் போன எனக்கு, முதல் நாள் கிடைத்த வேலை துணி பிரிப்பது. சாலையோரம் இடுப்பளவுக்குப் பழந்துணி குவிந்து கிடந்தது. முந்தின நாள் தூறலில் நனைந்து, மேலே காய்ந்து, உள்ளே புழுங்கிக் கொண்டிருந்தது. கொக்கி அறுந்த ரவிக்கைகள், முழங்கால் கிழிந்த கால்சட்டைகள், கடற்கரைக்கு வந்து சேர்ந்த கம்பளி ஸ்வெட்டர்கள், ஜரிகை பிரிந்த பட்டுப் பாவாடை ஒன்று. மீனவப் பெண்கள் அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. கூட்டத்தில் ஒரு அம்மா மட்டும் என்னிடம் சொன்னார்: “தம்பி, நாங்க கடல்ல எல்லாத்தையும் விட்டுட்டு நிக்கிறோம்தான். அதுக்காக அடுத்தவங்க கட்டிக் கழிச்சதைக் கட்டிக்க மாட்டோம்.”

அந்தக் குவியலில் எங்கள் வீட்டு மூட்டையும் ஒன்று இருந்திருக்கலாம். நானே கட்டி அனுப்பியிருந்தேன். அனுப்பிய அன்று மனதுக்கு நிறைவாக இருந்தது, அலமாரியிலும் இடம் கிடைத்தது. கொடுத்தேனா, கழித்தேனா என்ற கேள்வி அன்று பிடித்துக்கொண்டது. இன்றுவரை விடவில்லை.

பெரிய கடைகளும் கம்பெனிகளும் ‘சமூகப் பொறுப்பு’, ‘சுற்றுச்சூழல் அக்கறை’ என்று பேசும்போதெல்லாம் அந்தக் குவியல்தான் நினைவுக்கு வருகிறது. எங்கள் ஊர் ஜவுளிக்கடை ஒன்றில் ஒரு தீபாவளிக்கு, துணி எடுத்தவர்களுக்கெல்லாம் மரக்கன்று கொடுத்தார்கள். எனக்குக் கிடைத்த புங்கங்கன்று இன்று வாசலில் நிழல் விரித்து நிற்கிறது. அந்த நன்றி எனக்கு உண்டு. கொடுப்பதை ஒருநாளும் குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்தக் கன்றுக்காக அன்று தேவைக்கு மேல் இரண்டு சட்டை சேர்த்து எடுத்தேன் என்பதையும் மறைக்க மாட்டேன்.

இந்தக் கேள்வியோடு நான் அடிக்கடி போய் நிற்கும் இடம், அமெரிக்காவில் கலிபோர்னியாவின் வென்ச்சுரா நகரத்தில் இருக்கும் பட்டகோனியா என்ற துணிக் கம்பெனி. அதைத் தொடங்கிய ஈவான் ஷுவினார்ட் கொல்லுப்பட்டறைக்காரர். பாறை ஏறுவதில் பைத்தியம். 1957இல் பழைய உலையும் பட்டறைக்கல்லும் வாங்கி, தானே இரும்படிக்கக் கற்றுக்கொண்டார். பாறையின் வெடிப்பில் சுத்தியலால் அடித்து இறக்கி, கயிறு மாட்டி ஏறுவதற்கான ஆணிகளைச் செய்தார். பிட்டன் என்பார்கள். ஒன்று ஒன்றரை டாலர் என்று காரின் பின்பெட்டியில் வைத்து விற்றார். 1970 வாக்கில் மலையேற்றச் சாமான் விற்பதில் அமெரிக்காவிலேயே பெரிய கம்பெனி அவருடையதாகிவிட்டது.

அப்போதுதான் யோசெமிட்டி பள்ளத்தாக்கின் எல் கேப்டன் பாறையில் ஏறப்போனார். தான் நேசித்த பாறையின் வெடிப்புகள் சிதைந்து கிடந்ததைக் கண்ணெதிரே பார்த்தார். அவருடைய ஆணி நல்ல எஃகு. அடித்து இறக்கி, பிடுங்கி, மறுபடி அடிக்கலாம். அதுதான் அதன் பெருமை, பாறைக்கு அதுவே வினை. ஒருவர் மாற்றி ஒருவர் அடித்து அடித்து, விரல் நுழையாத கீறல்கள் அகலமான ஓட்டைகளாகிப் போயிருந்தன. திரும்பி வந்தவரும் அவருடைய கூட்டாளி டாம் ஃப்ராஸ்டும் ஆணித் தொழிலைக் கைவிடுவது என்று முடிவு செய்தார்கள். கம்பெனியின் முதுகெலும்பே அந்த ஆணிதான். 1972இல் வந்த அவர்களுடைய விலைப்பட்டியலில், சுத்தியலே வேண்டாத, கையால் செருகிக் கையாலேயே எடுக்கக்கூடிய அலுமினியக் கட்டைகள் இருந்தன. பாறையைக் காயப்படுத்தாமல் ஏறுவது எப்படி என்று ஒரு நீண்ட கட்டுரையும் சேர்த்து அச்சிட்டிருந்தார்கள். சாமான் விற்கும் பட்டியலில் மனசாட்சிக்கு அத்தனை பக்கம் ஒதுக்கியதை நினைத்தால் இப்போதும் எனக்கு வியப்புத்தான்.

அவர் அன்று ஆணியை விற்றுக்கொண்டே, லாபத்தில் ஒரு பங்கைப் பாறைப் பாதுகாப்புக்கு நன்கொடையாகத் தந்திருக்கலாம். ஊர் மெச்சியிருக்கும். பாறை உடைந்துகொண்டே இருந்திருக்கும்.

பிறகு அவர் தொடங்கிய துணிக் கம்பெனியான பட்டகோனியா நன்கொடையும் தருகிறது. 1985 முதல், விற்பனையில் 1 சதவீதம் இயற்கையைக் காக்கும் சிறு குழுக்களுக்குப் போகிறது. 2002இல், மற்ற கம்பெனிகளும் அப்படியே தருவதற்கென்று ஓர் அமைப்பையும் ஷுவினார்ட் இன்னொருவரோடு சேர்ந்து தொடங்கினார். இதில் கவனிக்க வேண்டியது ‘விற்பனையில்’ என்ற சொல். நம் நாட்டில் 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த கம்பெனிகள் முந்தைய மூன்று ஆண்டு நிகர லாபச் சராசரியில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. நல்ல சட்டம். அதனால் எத்தனையோ பள்ளிக்கூடங்களுக்குக் கழிப்பறை வந்திருக்கிறது. ஆனால் லாபத்திலிருந்து கொடுப்பது எல்லாம் முடிந்து மிச்சத்திலிருந்து கொடுப்பது. விற்பனையிலிருந்து கொடுத்தால், லாபம் வந்தாலும் வராவிட்டாலும் அது முதல் செலவு. உலையில் போடும் முன்பே பிடி அரிசியைத் தனிப்பானையில் எடுத்து வைக்கும் வீட்டுக்கும், சாப்பிட்டபின் மிஞ்சியதைக் கொடுக்கும் வீட்டுக்கும் உள்ள வித்தியாசம்.

1988இல் பாஸ்டனில் அவர்கள் ஒரு கடை திறந்தார்கள். சில நாட்களிலேயே கடையில் வேலை பார்த்தவர்களுக்குத் தலைவலி. காற்றுப்போக்கைச் சரி செய்வதோடு விட்டிருக்கலாம். காரணத்தைத் தேடிப் போனதில், பருத்தித் துணி சுருங்காமல் இருக்கப் போட்ட ஃபார்மால்டிஹைடு என்ற ரசாயனம் என்று தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு பருத்தி வயல்வரை போனார்கள். பூச்சிமருந்தின் நெடியில் நிற்கும் வயல்களைத் தங்கள் ஆட்களுக்கு நேரில் காட்டினார்கள். 1996க்குள் தங்கள் பருத்தி உடுப்பு முழுவதையும் இயற்கை வேளாண்மைப் பருத்திக்கு மாற்றிவிட்டார்கள். துணிக்கு ஓர் ஊர் உண்டு, ஒரு நிலம் உண்டு என்பதை ஒரு தலைவலி அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது.

நமக்கு அதைச் சொல்ல நொய்யல் ஆறு இருக்கிறது. உலகத்தின் பெரிய கடைகளில் தொங்கும் பனியன்களில் எத்தனையோ திருப்பூரில் தைத்தவை. அவற்றின் சாயம் நொய்யலில் கலந்தது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணீர்த் தொட்டியாகி, ‘அணையைத் திறக்காதீர்கள்’ என்று விவசாயிகளே போராடும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. பிறகு ஒரு சொட்டும் வெளியே விடாத சுத்திகரிப்பைப் பட்டறைகள் செய்தாக வேண்டியிருந்தது. அதற்கு மின்சாரம், எந்திரம், ஆள் என்று பெருஞ்செலவு. அந்தச் செலவைப் பனியனின் விலையில் ஏற்றுக்கொள்ளும் கடைதான் உண்மையில் ஆற்றுக்குக் கொடுக்கிறது. விலையில் காசு காசாகக் குறைத்துவிட்டு எங்கோ மரம் நடும் கடையை என்னால் அந்த வரிசையில் வைக்க முடியாது.

பட்டகோனியாவும் குற்றமற்ற கம்பெனி இல்லை. 2011 நவம்பர் 25 அன்று, ஆண்டுதோறும் தள்ளுபடி விற்பனைக்கு அமெரிக்கர்கள் கடைகளை மொய்க்கும் வெள்ளிக்கிழமையில், நியூயார்க் டைம்ஸில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து, தங்கள் ஜாக்கெட்டை வாங்காதீர்கள் என்றது. அந்த ஒரு ஜாக்கெட்டுக்கு 135 லிட்டர் தண்ணீர் ஆகிறது, அது 45 பேரின் ஒருநாள் குடிநீர் என்று தன் கணக்கைத் தானே எழுதியது. அதற்குப் பின் விற்பனை கூடியதுதான் நடந்தது. இதுவும் வியாபாரத் தந்திரம் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சொன்னவர் உண்மையைத்தான் சொன்னார். கேட்டவர்கள் அந்த உண்மையையும் ஒரு சட்டையைப் போல வாங்கிக்கொண்டார்கள். பட்டகோனியாவின் கம்பளிபோன்ற செயற்கை இழை ஜாக்கெட்டுகளைத் துவைக்கும்போது கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழைகள் தண்ணீரில் போகின்றன. இதைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் ஆராயச் சொன்னதும் அவர்களேதான். ஒரு துவைப்புக்குச் சராசரியாக 1.7 கிராம் என்று 2016இல் முடிவு வந்தது. 2022 செப்டம்பரில், தன் 83ஆம் வயதில், ஷுவினார்ட் கம்பெனியையே ஓர் அறக்கட்டளைக்கும், பூமியைக் காக்கும் பணிக்கென்று அமைத்த நிறுவனத்துக்கும் எழுதி வைத்தார். உலகமே அந்தக் கொடையைப் பேசியது. எனக்கு அதைவிட 1972இல் ஆணியைக் கைவிட்டதே பெரிதாகப் படுகிறது. கம்பெனியை எழுதி வைத்தபோது வாழ்ந்து முடித்த நிறைவு இருந்தது. ஆணியை விட்டபோது கம்பெனியின் முதுகெலும்பையே விட வேண்டியிருந்தது.

இதை எழுதும்போது அப்பாவின் சட்டைகள் ஞாபகம் வருகின்றன. பள்ளிக்கூட வாத்தியார். நாலே சட்டை. காலர் கழுத்துப் பக்கம் நைந்து வெளுத்ததும் கடைத்தெருத் தையல்காரரிடம் போகும். அவர் காலரை மட்டும் பிரித்து, நைந்த பக்கம் உள்ளே போக, நிறம் மாறாத பக்கம் வெளியே வரத் திருப்பித் தைத்துத் தருவார். சட்டைக்கு இன்னொரு இரண்டு வருஷ ஆயுள். போன மாதம் என் நீலச் சட்டைக்கு அதைச் செய்யலாம் என்று கொண்டுபோனேன்.

“அண்ணே, இந்தக் காலரைத் திருப்பிக் கொடுப்பீங்களா?”

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி என்னைப் பார்த்தார். “இதைக் கேட்டு ஒருத்தர் வந்து பத்து வருஷம் இருக்கும் சார். எண்பது ரூபா ஆகும். அதோட இன்னும் கொஞ்சம் போட்டா ரோட்டுக்கடையிலே புதுசே கிடைக்கும், பரவாயில்லையா?”

பரவாயில்லை என்றேன். பிளேடு முனையால் ஒவ்வொரு தையலாக அவர் நீவிப் பிரித்தார். காலருக்கு அடியில், பதினோரு வருஷமாக வெயில் படாத அந்தப் பக்கம், வாங்கிய அன்று இருந்த அதே நீலத்தில் இருந்தது. “பாருங்க சார், துணி இன்னும் சாகலை” என்றார்.

பண்டிகை வருகிறது. ஜவுளி எடுக்க வேண்டாம் என்று சொல்லும் துணிவு எனக்கு இல்லை, குழந்தைகள் இருக்கும் வீடு. கிளம்பும் முன் ஒருமுறை அலமாரியைத் திறந்து, நைந்த காலர் உள்ள சட்டைகளை எடுத்து வையுங்கள். திருப்பித் தைக்கத் தெரிந்த ஒருவர் உங்கள் ஊர்க் கடைத்தெருவில் இன்னும் உட்கார்ந்திருப்பார். அவரிடம் போங்கள்.