கடைசியாகத் தொட்ட கை

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நமக்குப் பழையது. தர்க்க நூல்களில் இதற்குக் 'காகதாலீய நியாயம்' என்று பெயரே உண்டு. காக்கை வந்து உட்கார்ந்தது, பழம் விழுந்தது. இரண்டும் அடுத்தடுத்து நடந்தன என்பதைத் தவிர வேறு சம்பந்தம் இல்லை என்று சொல்ல வரும்போது இதை எடுத்து வீசுவோம். எனக்கு இந்த உவமையில் நெடுநாளாக ஒரு சந்தேகம். காக்கை உட்கார்ந்தால் குலை கொஞ்சமாவது அசையத்தானே செய்யும்? காம்பு இற்றுப்போன பழத்துக்கு அந்த அசைவே போதுமே? அப்படியானால் காக்கைக்கும் பழத்துக்கும் சம்பந்தம் இருக்கிறது. சம்பந்தம் இருக்கிறது என்பதாலேயே காக்கை குற்றவாளி ஆகிவிடுமா என்பதுதான் கேள்வி. இதை நம்முடைய பழமொழி கேட்பதில்லை.

என்னை இதை யோசிக்க வைத்தது ஒரு கம்ப்யூட்டர்.

தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியாகப் போனால் மணிமங்கலம். ஏரி, ராஜகோபாலப் பெருமாள் கோயில், அதைத் தாண்டினால் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்கு வேலை செய்து கொடுக்கும் சின்னச் சின்னப் பட்டறைகள். பெரிய கம்பெனிக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனிக்கு, உதிரிபாகத்தின் உதிரிபாகம் செய்யும் இடங்கள். அப்படி ஒன்றுக்கு நான் ஜி.எஸ்.டி. கணக்குப் பார்க்கிறேன். இரண்டு சி.என்.சி. மெஷின், ஆறேழு ஆட்கள், கண்ணாடி போட்ட அறையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். மெஷின் புரோகிராம், டிராயிங், டெலிவரி சலான், இ-வே பில், எல்லாம் அதற்குள்தான்.

அதிலிருந்த ஆன்டிவைரஸுக்குக் கெடு முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை மூலையில் வந்து நின்று பணம் கேட்கும். முதலாளி ஆபரேட்டர் பையனைக் கூப்பிட்டு, "தம்பி, அந்தச் சனியனை எடுத்துப் போட்டுடு. காசு கேட்டே உசுர வாங்குது" என்றார். பையன் ஐ.டி.ஐ. படித்தவன், விவரமானவன். கண்ட்ரோல் பேனலுக்குப் போய் முறையாகத்தான் எடுத்தான். ரீஸ்டார்ட் கேட்டது, கொடுத்தான். நீலத்திரை வந்தது. மறுபடி தானாக ஆன் ஆகி, மறுபடி நீலத்திரை. வெளியே டாடா ஏஸில் சரக்கு ஏற்றிக் கட்டியாகிவிட்டது. சலான் இல்லாமல் வண்டி எப்படிப் போகும்?

"நேத்து வரைக்கும் நல்லா ஓடிட்டு இருந்துச்சு. நீ கைய வெச்ச, போச்சு."

"நீங்கதானே சார் எடுக்கச் சொன்னீங்க?"

"எடுக்கச் சொன்னேன். கெடுக்கவா சொன்னேன்?"

இரண்டு நாள் சம்பளம் பிடித்தம் என்று அங்கேயே தீர்ப்பாகிவிட்டது.

சாயங்காலம் படப்பையிலிருந்து சர்வீஸ் ஆள் வந்தார். யார் செய்தது என்று அவர் கேட்கவே இல்லை. கடைசியா என்ன பண்ணீங்க, அதுக்கு முன்னாடி என்ன, கரன்ட் போச்சா, அப்டேட் ஏதாவது ஏறிச்சா என்று பின்னோக்கியே போனார். சரிசெய்யும் வேலையைத் தொடுவதற்கு முன், பென் டிரைவ் வழியாகக் கம்ப்யூட்டரை எழுப்பி, உள்ளே இருந்த ஃபைல்களை வெளியே ஒரு டிஸ்க்கில் காப்பி எடுத்துக்கொண்டார். விண்டோஸ் எழவில்லை என்றால் ஃபைலெல்லாம் போச்சு என்று பலரும் பதறுகிறார்கள். பெரும்பாலும் அவை டிஸ்க்கில் அப்படியேதான் இருக்கும். அவசரப்பட்டு ஃபார்மேட் அடிப்பதுதான் உண்மையான இழப்பு. பிறகு பழைய ரீஸ்டோர் பாயின்ட் ஒன்றுக்குத் திருப்பி, சேஃப் மோடில் நுழைந்து, மிச்சமிருந்ததைச் சுத்தம் செய்தார்.

அவர் கண்டது இது. ஆன்டிவைரஸின் டிரைவர் ஃபைல் போய்விட்டது. ஆனால் 'டிஸ்க்கைத் திறக்கும்போது இவரையும் கூப்பிடு' என்ற குறிப்பு விண்டோஸின் ரிஜிஸ்ட்ரியில் அப்படியே இருந்தது. இல்லாத ஆளைக் கூப்பிட்டு, அவர் வராததால் கதவைத் திறக்காமல் நின்றுவிட்டது விண்டோஸ். அது மட்டுமல்ல. கம்ப்யூட்டர் செகண்ட் ஹேண்ட். முன்பு வைத்திருந்தவர் போட்டு அரைகுறையாக நீக்கிய வேறொரு ஆன்டிவைரஸின் எச்சமும் அடியில் கிடந்தது. டிஸ்க்கிலும் சில இடங்கள் கெட்டுப்போயிருந்தன.

"பையன் மேல தப்பில்ல சார். இது எப்ப வேணாலும் விழ இருந்ததுதான்" என்றார்.

"அப்ப யார் மேல தப்பு?" என்று கேட்டார் முதலாளி. அதற்கு அவர் பதில் சொல்லவில்லை, பில் போட்டார்.

முதலாளியின் கேள்வி கோபத்தில் கேட்டதுதான். ஆனாலும் நல்ல கேள்வி. ஏன் என்று புரிய, ஆன்டிவைரஸ் எங்கே நிற்கிறது என்று பார்க்கவேண்டும். கேட்டில் உட்கார்ந்து பதிவேட்டில் கையெழுத்து வாங்கும் செக்யூரிட்டி அல்ல அது. ஒவ்வொரு ஃபைலையும் நாம் திறப்பதற்கு முன்பே அது பார்த்துவிட வேண்டும் என்றால், டிஸ்க்குக்கும் விண்டோஸுக்கும் நடுவில், கர்னல் எனப்படும் கருவறையிலேயே நின்றாகவேண்டும். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், மற்ற டிரைவர்களுக்கு முன்னதாகவே எழுந்துகொள்ளும் சலுகையும் அதற்குக் கிடைத்தது. அதாவது காவலாளியை வாசக்காலாகவே வைத்துக் கட்டியிருக்கிறோம். வாசக்காலைப் பிடுங்கினால் சுவர் விரியத்தான் செய்யும். இது கெட்ட எண்ணத்தால் நடப்பதல்ல. ஆழத்தில் நின்றால்தான் காக்க முடியும். ஆழத்தில் நிற்பதைச் சேதமில்லாமல் எடுப்பது கஷ்டம். காப்பாற்றும் சக்தியும் கவிழ்க்கும் சக்தியும் அங்கே ஒன்றேதான்.

பல கம்பெனிகள் தங்கள் ஆன்டிவைரஸை முழுசாக நீக்குவதற்கென்றே தனிக் கருவி ஒன்றை வைத்திருக்கின்றன. சாதாரண வழியில் எடுத்தால் எச்சம் தங்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியும் என்றுதானே அர்த்தம்? அந்த அறிவு 'நீக்கு' என்ற பொத்தானின் மேல் எழுதப்படவில்லை. தெரிந்தவர் ஒரு இடத்தில் இருக்கிறார், தொடுகிற கை வேறு இடத்தில் இருக்கிறது. பழி தொட்ட கைக்கு. நம் ஊர்ப் பட்டறைகளில் மட்டுமல்ல, ஆஸ்பத்திரியில் கடைசி ஊசி போட்ட நர்ஸுக்கும், மின்வாரியத்தில் கடைசி சுவிட்சைத் தட்டிய லைன்மேனுக்கும் இதுதான் நடக்கிறது. பெருமை மட்டும் நேர் எதிர்த்திசையில் பயணம் செய்யும். ஏழாம் நூற்றாண்டில் இதே மணிமங்கலத்தில் சாளுக்கியப் புலிகேசியைப் பல்லவ நரசிம்மவர்மன் வென்றதைக் கூரம் செப்பேடு சொல்கிறது. அந்த வரியில் அரசனின் பெயர் இருக்கிறது. கடைசி வாளை வீசிய கை யாருடையது என்று எந்தச் செப்பேட்டிலும் தேடவேண்டியதில்லை.

காரணம் வேறு, பொறுப்பு வேறு. 'இது இருந்தால் அது உண்டு, இது இல்லையேல் அது இல்லை' என்று சோதித்துப் பார்க்கும் முறையை நியாய மரபு அன்வயம், வியதிரேகம் என்று பெயரிட்டு வைத்தது. சர்வீஸ் ஆள் செய்ததும் அதையேதான். அந்தச் சோதனையில் பையனின் கையும் ஒரு காரணம் என்றுதான் வரும். அவன் எடுக்காமல் இருந்தால் அன்றைக்கு அது நின்றிருக்காது. ஆனால் பொறுப்பைக் கணக்கிட வேறு கேள்விகள் வேண்டும். யாருக்குத் தெரிந்திருந்தது? யாரால் தடுத்திருக்க முடியும்? மறுக்கும் உரிமை யாருக்கு இருந்தது? மூன்றிலும் பையனுக்குக் கிடைப்பது பூஜ்யம். 2025 வரை நடைமுறையில் இருந்த 1936-இன் ஊதியம் வழங்கல் சட்டமே, ஒருவருடைய அசட்டையால் நேரடியாக நேர்ந்த நஷ்டத்துக்குத்தான் கூலியில் கை வைக்கலாம், அதுவும் அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகுதான் என்றது. கணக்குப் பார்க்கிறவன் என்ற உரிமையில் இதை முதலாளியிடம் சொன்னேன். ஒருநாள் சம்பளத்தைத் திருப்பிக் கொடுத்தார். "ஒரு நாள் என் தப்பு, ஒரு நாள் அவன் தப்பு. சரிதானே?" என்றார். தத்துவம் படித்த பலரைவிட அவர் முன்னேறிவிட்டார் என்றே நினைத்தேன், ஆனாலும் கணக்கு சரியில்லை. கம்பெனிக்காரன் பங்குக்கு ஒரு நாள் எங்கே?

ஆன்டிவைரஸே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 2017 மே 12 அன்று வான்னாகிரை என்ற பணயத் தீநிரல் உலகமெங்கும் பரவியபோது, ஒரகடத்திலிருக்கும் ரெனோ–நிஸ்ஸான் ஆலையும் பாதிக்கப்பட்டதாக அந்த வாரச் செய்திகளில் வந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதமாகப் போடாமல் விட்டவை எத்தனை கம்ப்யூட்டர்கள்! அந்தச் செய்தி இந்தப் பக்கத்துப் பட்டறைகளில் கொஞ்ச நாள் பேச்சாக இருந்தது. காவல் வேண்டும் என்ற பயம் வெறும் பயமில்லை.

ஆனால் காவல் என்பது என்ன ஒப்பந்தம்? சோழர் கல்வெட்டுகளில் 'பாடிகாவல்' என்றொரு வரி வருகிறது. பிற்காலத்தில் தென்மாவட்டங்களில் காவல்காரர் ஊரிடமிருந்து நெல்லோ பணமோ வாங்கிக்கொள்வார். களவு போனால் பொருளை மீட்டுத் தரவேண்டும், முடியாவிட்டால் ஈடு கட்டவேண்டும். காவலை நிறுத்திய ஊரில் களவு அதிகமாகும் என்று வெள்ளைக்காரர்கள் எழுதிவைத்தார்கள். அதை அப்படியே நம்பவேண்டியதில்லை. முழுச் சமூகங்களையே குற்றப்பரம்பரை என்று முத்திரை குத்த அந்தப் பேச்சு நன்றாக உதவியது. ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. பழைய காவலில் தோற்ற காவல்காரன் கையிலிருந்து கொடுத்தான்.

இன்றைய காவலின் உரிம ஒப்பந்தத்தை, யாரும் படிக்காமல் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அமுக்கும் அந்த நீண்ட வாசகத்தை, ஒருமுறை படித்துப் பாருங்கள். நஷ்டம் எதுவானாலும் நாங்கள் தரும் ஈடு இவ்வளவுக்கு மேல் போகாது என்று ஒரு வரம்பு இருக்கும், பெரும்பாலும் நீங்கள் கட்டிய சந்தாவை ஒட்டி. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான ஃபைல், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்களை நீலத்திரையில் நிறுத்தியது. அந்த ஃபைல் வெளியே இருந்தது 78 நிமிஷம். நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். சரிசெய்ய ஒவ்வொரு கம்ப்யூட்டர் முன்பும் யாரோ ஒருவர் உட்கார்ந்து, சேஃப் மோடில் போய், அந்த ஒற்றை ஃபைலை அழிக்கவேண்டியிருந்தது. டெல்டா விமான நிறுவனம் தனக்கு 50 கோடி டாலர் நஷ்டம் என்றது. ஒப்பந்தப்படி எங்கள் பொறுப்பு சில மில்லியன் டாலருக்குள் அடங்கும் என்று பதில் வந்தது. ஓடியாடிச் சரிசெய்ய உதவிய கூட்டாளிகளுக்குப் 10 டாலர் சாப்பாட்டுக் கூப்பன் அனுப்பினார்கள். இதில் நகைச்சுவையை நான் சேர்க்கவில்லை.

கர்னலுக்குள் இவர்களை ஏன் விட்டீர்கள் என்று கேட்டபோது, மைக்ரோசாஃப்ட் 2009-இல் ஐரோப்பிய ஆணையத்துடன் செய்துகொண்ட உடன்பாட்டைக் கைகாட்டியது. பெரிய இடங்களில் பழி மேலே மேலே போய் ஒப்பந்தங்களில் கரைந்துவிடுகிறது. கரைய இடமில்லாத இடத்தில்தான் இரண்டு நாள் சம்பளமாக உறைகிறது.

2006-இல் விஸ்டா வந்த காலத்தில், கர்னலைப் பூட்டுகிறீர்களே, நாங்கள் எப்படிக் காப்பது என்று பாதுகாப்பு நிறுவனங்கள் சண்டை போட்டன. 2024 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் மறுபடி அதே வேலையைத் தொடங்கியிருக்கிறது: ஆன்டிவைரஸை வாசக்காலிலிருந்து இறக்கித் திண்ணையில் உட்காரவைக்க ஒரு ஏற்பாடு. மணிமங்கலம் பக்கம் ஓடும் பத்து வருஷப் பெட்டிகளுக்கு அது எப்போது வந்து சேருமோ. அதுவரை, எடுக்கச் சொல்கிறவர் முதலில் பென் டிரைவில் எல்லாவற்றையும் காப்பி எடுக்கச் சொல்லட்டும். அந்தக் கம்பெனியின் நீக்கும் கருவியை இறக்கிக் கொடுக்கட்டும். சரக்கு ஏற்றும் நாளில் இந்த வேலையை வைக்காமல் இருக்கட்டும். கூடவே ஒரு துண்டுச்சீட்டில் 'நான் சொல்லித்தான் எடுக்கிறான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் இன்னும் நல்லது.