தியலும அருவியின் முன்

கல்முனையிலிருந்து மொனராகலை, வெல்லவாய வழியாகக் கொஸ்லந்தைப் பக்கம் சென்று, 220 மீட்டர் உயரத்திலிருந்து வீழும் தியலும அருவியை அண்ணாந்து நோக்கும் நம்மூர்ப் பிரயாணிகளின் நாவில் 'சுப்ஹானல்லாஹ்' என்னும் துதி தானாகவே எழுகின்றதே, அது வணக்கமாகுமா, அன்றிக் கண்ணுக்குக் கிடைத்த விருந்தின் பரவசம் மாத்திரந்தானா?

பாறைகள் பிளந்து நீர் சுரப்பதையும், இறையச்சத்தால் அவை உருண்டு வீழ்வதையும் கூறும் அல்குர்ஆனின் பகரா அத்தியாயம், அவற்றினும் இறுகிப்போன மனித இருதயத்தையே அவ்விடத்தில் கண்டிக்கின்றது, ஆதலின் வியப்பை யான் குறைகூறேன், வியந்தவன் (படம்பிடித்து முடித்த பின்னரேனும்!) இளகினானா என்றே வினவுவேன். அவ்விளக்கம் நீரைப் பேணுவதிலும் தெரிதல் வேண்டும்; இரு கைகளும் சேர்ந்து கொள்ளும் ஒரு 'முத்' அளவு நீரால் நபிகள் நாயகம் (ஸல்) வுளூச் செய்தார்கள் என்று ஸஹீஹுல் புகாரி அறிவிக்கின்றது. அளவற்ற நீர் அருகே ஓடுகையில், வெற்றுப் போத்தல்களை அதிலேயே வீசிவிட்டுத் தொழுகைக்கு நிற்பவன் எந்த அத்தாட்சியைத்தான் கண்டான்?