கூண்டில் அடைத்தவனின் கடன்

கொன்று தின்னப்போகிற உயிரை நோயிலிருந்து காப்பாற்றுவது எந்த வகை அறம்? நார்வேயின் சால்மன் பண்ணைகளில் குஞ்சுகளுக்குத் தடுப்பூசி போடுவதைப் பார்த்துப் புலால் மறுத்தவர் சிரிக்கலாம். மீன் தின்பவரோ, இதில் அறம் எங்கே வந்தது, வெறும் வியாபாரக் கணக்குத்தானே என்பார். இரண்டு பேருமே இதைக் கருணையா இல்லையா என்றுதான் பார்க்கிறார்கள். இது கருணையே அல்ல, கடன் என்பது என் வாதம். நோய்க்கிருமி திறந்த கடலிலும் உண்டு. ஆனால் அங்கே நோயுற்ற மீன் கூட்டத்திலிருந்து பின்தங்கிவிடும், அல்லது வேறொன்றுக்கு இரையாகிவிடும். மற்றவை விலகிப் போக இடம் இருக்கும். வலைக்கூண்டுக்குள் அந்த வழியை அடைத்தது மனிதன். 1970களின் கடைசியில் ஹித்ரா தீவை ஒட்டிய பண்ணைகளில் குளிர்நீர் விப்ரியோ நோய் பரவியது. 1980களில் ஃபுருன்குலோசிஸ் என்ற கொப்புள நோயும் சேர்ந்துகொண்டது. கிருமியை மனிதன் படைக்கவில்லை என்பது சரி. அது இவ்வளவு எளிதாகப் பரவ ஏற்பாடு செய்தது அவன்தான்.

1987இல் நார்வேயின் மீன் பண்ணைகள் சுமார் 50 டன் ஆன்டிபயாட்டிக்கைக் கொட்டித் தீர்த்தன. எண்ணெய் கலந்த தடுப்பூசிகள் வந்தபின், 1990களின் நடுவிலேயே அது ஓரிரு டன்னாகச் சுருங்கியது. இன்று ஆண்டுக்கு 15 லட்சம் டன்னுக்கு மேல் சால்மன் வளர்த்தும் ஒரு டன் மருந்துகூடச் செலவாவதில்லை. பண்ணைக்காரர் லாபத்துக்காகத்தானே செய்தார் என்றால், ஆமாம். வேண்டாவெறுப்பாகத் திருப்பிக் கொடுத்தாலும் கடன் கடன்தான், அடைந்தவரை அடைந்ததுதான். ஆனால் கருணைக்கு இல்லாத ஒரு குணம் கடனுக்கு உண்டு: பாக்கி எவ்வளவு என்று கேட்கலாம். குஞ்சைப் பட்டினி போட்டு, மயக்க மருந்து கலந்த நீரில் கிடத்தி, வயிற்றுத் துடுப்புக்குச் சற்று முன்னால் ஊசியை இறக்குகிறார்கள். உள்ளே போகும் எண்ணெய் மருந்தை மெதுவாகக் கரையவிட்டு எதிர்ப்புச் சக்தியை நீட்டிக்கிறது. அதே எண்ணெய் அழற்சியையும் உண்டாக்கி, குடலையும் மற்ற உறுப்புகளையும் வயிற்றுச் சுவரோடு ஒட்டவைக்கிறது. ஒட்டிய இடத்தில் கருநிறத் திட்டுகள் படிகின்றன. இந்தச் சேதத்தை அளக்க ஸ்பெய்ல்பெர்க் என்று ஓர் அளவுகோலே இருக்கிறது. கருணை என்றால் இதைப் பெருந்தன்மையாக மன்னித்துவிடலாம். கடன் என்றால் கணக்கில் எழுதியாக வேண்டும்.

மீனுக்கு வலியே கிடையாது என்பார் சிலர். 2003இல் ஆய்வாளர் லின் ஸ்னெடன் குழுவினர் டிரவுட் மீனின் முகத்தில் வலியுணர் நரம்புகளைக் கண்டறிந்தார்கள். உதட்டில் அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் உதட்டைச் சரளைக்கல்லில் தேய்த்தன, இரையெடுக்க நெடுநேரம் தாமதித்தன. மூளைப் புறணி இல்லாத உயிருக்கு வலியை உணர வழியில்லை என்று நரம்பியல் ஆய்வாளர் பிரையன் கீ மறுத்து எழுதினார். வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் சந்தேகத்தின் பலனைத் தனக்கே வழங்கிக்கொள்கிறவர் லாபம் பார்க்கிறவராக இருப்பது எந்த நீதிமன்றத்திலும் செல்லாது. நார்வேயின் 2009ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், மனிதனுக்கான பயனைச் சாராத மதிப்பு விலங்குக்கு உண்டு என்கிறது. மீனும் அந்தச் சட்டத்துக்குள் அடக்கம்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: தடுப்பூசிதான் இத்தனை பெரிய பண்ணைகளுக்கே வழிவிட்டது, கடனை அடைக்கிற கையே புதுக் கடனும் வாங்குகிறது. இதை என்னால் முழுக்க மறுக்க முடியாது. ஒரு கன மீட்டருக்கு 25 கிலோ, ஒரு கூண்டுக்கு 2 லட்சம் மீன் என்று நார்வே உச்சவரம்பு வைத்திருக்கிறது. அப்படியும் 2023இல் கடல் கூண்டுகளில் இருந்த சால்மன்களில் ஏறத்தாழ 17 விழுக்காடு அறுவடைக்கு முன்பே செத்தன. கடல் பேனை ஒழிக்கும் சிகிச்சையின்போது படும் காயங்களும், வைரஸ்களும், செவுள் நோய்களும் காரணங்களில் முக்கியமானவை. பாக்டீரியாத் தடுப்பூசி இவற்றைத் தொடாது. ஆகவே, தடுப்பூசி போட்டாயிற்று என்று சொல்லிப் பண்ணைக்காரர் கணக்கை மூடிவிட முடியாது. தடுப்பூசியே வேண்டாம் என்பதும் இதற்குப் பதிலாகாது. ஏற்கெனவே அடைபட்டிருக்கும் மீனுக்கு அதனால் நோய்தான் மிஞ்சும்.

எனக்கு நெருடுவது சோதனைத் தொட்டி. தடுப்பூசி பலிக்கிறதா என்று பார்க்க, ஊசி போடாத ஒரு கூட்டத்துக்கும் வேண்டுமென்றே கிருமியைக் கொடுக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதி சாகாவிட்டால் சோதனையே செல்லாது. அவற்றுக்குப் பட்ட கடனை வேறு மீன்களின் நலத்தைக் காட்டிக் கழிக்க முடியுமா என்பதற்கு என்னிடம் நேரான விடை இல்லை. ஃபுருன்குலோசிஸ் தடுப்பூசியின் ஒவ்வொரு தொகுதியையும் சரிபார்க்க, இரத்தத்தில் எதிர்ப்புப் பொருளை அளந்தாலே போதும் என்ற வழி ஐரோப்பாவில் திறந்திருக்கிறது. மற்ற நோய்களுக்கும் அந்த அளவீட்டை உருவாக்கும் செலவைத் தடுப்பூசி விற்பவரும் மீன் விற்பவரும்தான் ஏற்க வேண்டும்.