பக்குவம் இலைக்குள்ளா, வெயிலுக்குள்ளா?

பறித்த புகையிலையை உலர்த்தி நிறமும் மணமும் ஏற்றும் வேலைக்குப் பக்குவப்படுத்துதல் என்று பெயர். உயிரைப் பற்றிய மலம் நீங்கும் தகுதியை அடைவதைச் சைவ சித்தாந்தம் மலபரிபாகம் என்கிறது. பக்குவம், பாகம் இரண்டும் சமைதலைக் குறிக்கும் ஒரே வேரில் பிறந்தவை. சமைந்தபின் தெரியும் குணம் பொருளுக்குள் முன்பே இருந்ததா, சூடு அதைப் புதிதாகப் படைத்ததா என்பது இந்தியத் தத்துவத்தில் நெடுங்காலமாகத் தீராத வழக்கு.

பச்சைக் குடம் சூளையில் சிவப்பதே அவ்வழக்கின் உதாரணம். குடம் அணுக்களாகப் பிரிந்து, அணுக்கள் நிறம் மாறி, மீண்டும் கூடுகின்றன என்றனர் வைசேடிகர், அது பீலுபாகம். குடம் குடமாக இருந்தபடியே மாறுகிறது என்றனர் நையாயிகர், அது பிடரபாகம். சிவப்பு புதிதாகத் தோன்றியது என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர். இல்லாதது தோன்றாது என்று சாங்கியமும் சித்தாந்தமும் மறுத்தன. இந்த மறுப்புக்குச் சற்காரியவாதம் என்றும், முந்தைய இருவர் கொள்கைக்கு அசற்காரியவாதம் என்றும் பெயர். பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்து 1785இல் மறைந்த சிவஞான முனிவர், சித்தாந்தத்துக்கு மாபாடியம் என்னும் பேருரை எழுதினார். நியாய, வைசேடிக நூலான தருக்கசங்கிரகத்தையும் தமிழாக்கினார். எதிர்த்தரப்பின் நூலையும் தமிழ் மாணவர் கையில் சேர்த்த நேர்மை அது.

விக்கிரமசிங்கபுரம் அமைந்த மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலேயே, அதற்கு வடக்கே உள்ளது கடையநல்லூர். அவ்வட்டாரத்தில் பீடி சுற்றும் பெண்களின் மடியில் இருக்கும் சுளகிலும் இந்த வழக்கைக் காணலாம். பீடித்தூளுக்கான புகையிலை பெரும்பாலும் குஜராத்திலும் கர்நாடகத்தின் நிப்பாணிப் பகுதியிலும் விளைந்து, வெயிலில் காய்ந்து வருகிறது.

வர்ஜீனியா என்னும் புகையிலை வகையின் இலையையோ, வெயிலுக்குப் பதிலாகக் குழாய்வழிச் சூடேற்றிய கொட்டகையில் உலர்த்துவார்கள். முதலில் சூடு ஏறக்குறைய 35 பாகை செல்சியசில் நிற்கும். இலை அப்போதும் உயிரோடுதான் இருக்கிறது. மாவுச்சத்து சர்க்கரையாகிறது, பச்சையம் சிதைகிறது, மஞ்சள் தெரிகிறது. அந்த மஞ்சள் நிறமி பச்சைக்கடியில் முன்பே இருந்ததுதான். சற்காரியவாதிக்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைப்பது அரிது. பிறகு சூட்டை 70 பாகைவரை ஏற்றினால் நொதிகள் செயலிழக்கும், சர்க்கரை இலையில் தங்கிவிடும். மாறாக, நிழலில் வாரக்கணக்கில் தொங்கும் இலை தன் சர்க்கரையைத் தானே தின்று தீர்த்துப் பழுப்பாகிறது. சித்தாந்தம் சொல்லும் மூன்று காரணங்களில் இலை முதற்காரணம்; சூடும் காற்றும் துணைக்காரணம்; உழவர் நிமித்த காரணம். துணைக்காரணம் மாறினால் வெளிப்படும் குணமும் மாறுகிறது.

யாழ்ப்பாணத்தில் மெல்லும் புகையிலைக்குத் தேங்காய் மட்டைப் புகை ஊட்டுவதுண்டு. அந்தக் கார மணம் இலையில் இருந்ததன்று. இங்கே அசற்காரியவாதி வென்றதுபோல் தோன்றும். ஆனால் மணம் மட்டைப் புகையில் இருந்தது. இல்லாமையிலிருந்து அது வரவில்லை.

கடினமான சான்று நைட்ரோசமீன்கள். புற்றுநோய் விளைக்கும் இவை பச்சை இலையில் அநேகமாக இல்லை. உலர்த்தும்போதும் புளிக்க வைக்கும்போதும் உருவாகின்றன. ஆனால் அவற்றின் மூலங்களான நிக்கோட்டின் போன்ற சேர்மங்களும் நைட்ரேட்டும் இலையிலேயே உள்ளன. நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக்க, அது அச்சேர்மங்களோடு கூடுகிறது. சித்தாந்தியின் விடையே இங்கும் வலுவானது: வெயில் நஞ்சை வெறுமையிலிருந்து படைக்கவில்லை.

பக்குவம் நன்மையே என்று கொள்வதுதான் பிழை. மலபரிபாகத்தின் இலக்கு வீடுபேறு. அதனால் அந்தப் பக்குவம் நன்மையாகிறது. புகையிலையின் தரத்தைச் சந்தை நிறத்தாலும் மணத்தாலும் எரியும் தன்மையாலும் அளக்கிறது. நுரையீரலை அந்த அளவுகோல் கேட்பதில்லை. முறையை மாற்றினால் சில நஞ்சுகள் குறையும். எந்த முறையும் புகையிலையைத் தீங்கற்றதாக்கியதில்லை. சுளகை மடியில் வைத்திருக்கும் பெண், ஒரு பீடியும் புகைக்காமலேயே அந்தத் தூளை நாள் முழுக்கச் சுவாசிக்கிறார்.