அஸ்திவாரம் மாறிய வீடு

லண்டன் புறநகர்களில் விக்டோரியா காலத்துச் செங்கல் வீடுகள் பல, ஆழமில்லாத அஸ்திவாரத்தின் மேல் நிற்கின்றன. அடியில் இருப்பதோ ஈரத்தில் உப்பி, வறட்சியில் சுருங்கும் களிமண். 1976 கோடை வறட்சியில் ஏராளமான வீடுகள் ஒரு பக்கமாக இறங்கின. ஜன்னல் மூலையில் தொடங்கும் விரிசல், செங்கல் இணைப்புகள் வழியே படிக்கட்டுபோல் ஏறும். கதவு நிலையில் சிக்கும்.

பழுதுபார்ப்பவர்கள் சுவருக்கடியில் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத்துக்குத் தோண்டி கான்கிரீட் நிரப்புகிறார்கள். அது இறுகிய பிறகே பக்கத்துப் பகுதியைத் தொடுகிறார்கள். முடிவில் சுவரின் பாரம் புதிய அடித்தளத்துக்குப் போய்விடுகிறது. நிற்பது பழைய வீடுதானா?

இந்தியத் தத்துவத்தின் நியாய வைசேஷிக மரபில் முழுப்பொருள் என்பது உறுப்புகளின் வெறும் கூட்டமல்ல; அவற்றில் தங்கும் தனிப்பொருள். ஆகவே உறுப்பு மாறினால் பழைய முழுமை அழிந்து புதியது பிறக்கிறது. இதன்படி ஒவ்வொரு மீட்டர் வேலைக்கும் ஒரு புது வீடு! உள்ளே சமைத்து உறங்கும் குடும்பத்திடம் இதைச் சொல்லி ஏற்கவைப்பது கடினம்.

'மிலிந்த பஞ்ஹா' என்ற பௌத்த நூலில் நாகசேனர் என்னும் துறவி தேரைக் காட்டி, அது உறுப்புகளைச் சார்ந்து வழங்கும் பெயர் மட்டுமே என்கிறார். முந்தையது அடுத்ததற்குக் காரணமாகும் தொடர்ச்சி இருந்தால், அதுவே என்றும் சொல்ல வேண்டாம், வேறு என்றும் சொல்ல வேண்டாம். இந்த விடையே வலுவானது. வீட்டை விற்பவர் பழைய விரிசலை வாங்குபவரிடம் சொல்லக் கடமைப்பட்டிருப்பதற்கும் அந்தத் தொடர்ச்சியே போதிய காரணம்.