மாற்று விடுமுறையும் பிறப்புப் பெருவிழாவும்

தமிழ்நாட்டுத் தொழில் நிறுவனங்களுக்கான 1958-ஆம் ஆண்டின் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் நான்கு நாட்களைப் பெயர் சொல்லியே குறிக்கிறது: ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2. பண்டிகைகளுக்கென மேலும் ஐந்து நாட்களை ஒதுக்குகிறது. அவை எவை என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடலாம். பொங்கலும் தீபாவளியும் ஆயுத பூசையும் இடம்பெற்ற பின் கிறிஸ்து பிறப்புக்கு இடம் கிடைத்தால் உண்டு. விடுமுறை நாளில் பணிக்கு அழைக்கப்படுகிறவர், இரட்டிப்பு ஊதியமோ மாற்று விடுமுறையோ பெறலாம். நியாயமான ஏற்பாடுதான். ஆயினும் ஒரகடத்திலோ இருங்காட்டுக்கோட்டையிலோ இரவுப் பணியில் நிற்கும் கத்தோலிக்க இளைஞன் ஒருவனுக்கு, 25-ஆம் நாளுக்குப் பதிலாக 28-ஆம் நாள் அளிக்கப்பட்டால், அது அவனுக்குக் கிறிஸ்மஸ் ஆகுமா?

“தேதிதானே, என்றைக்குக் கொண்டாடினால் என்ன?” என்று மேற்பார்வையாளர் கேட்பாராயின், வரலாறு அவர் பக்கம் நிற்பதுபோலவே தோன்றும். நற்செய்திகள் நாள் குறிக்கவில்லை. டிசம்பர் 25 பற்றிய மிகப் பழைய உரோமைச் சான்று 336-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆர்மீனியத் திருச்சபையோ பிறப்பையும் திருமுழுக்கையும் சேர்த்தே ஜனவரி 6-இல் கொண்டாடுகிறது. ரஷ்யருக்கு ஜனவரி 7. அதுவும் பழைய யூலியன் நாட்காட்டியின் டிசம்பர் 25-தான்.

இவ்வளவு தொலைவு போவானேன்? நம் சென்னையிலேயே ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இரண்டு கிறிஸ்மஸ்கள் இருந்தன. திருத்தந்தை 13-ஆம் கிரகோரியார் 1582-இல் நாட்காட்டியைத் திருத்தியபோது போர்த்துக்கீசியர் உடனே ஏற்றனர். சாந்தோமும் அவ்வழியே சென்றது. ஆங்கிலேயரோ, உரோமையிலிருந்து வந்தது என்பதாலேயே அதனை ஏற்க மறுத்து, 1752 வரை பழையதையே பற்றியிருந்தனர். (சூரியன் எந்தச் சபையைச் சேர்ந்தது என்று அவர்கள் கேட்டார்களோ என்னவோ!) ஆகவே 17-ஆம் நூற்றாண்டில், புனித ஜார்ஜ் கோட்டையில் கிறிஸ்மஸ் விடிந்தபோது சாந்தோமில் ஜனவரி 4 ஆகியிருக்கும், அங்கே மூவரசர் திருநாளுக்கு ஆயத்தம் நடந்துகொண்டிருக்கும். ஒரே கடற்கரை, சில மைல் தொலைவு, பத்து நாள் இடைவெளி. 1752 செப்டம்பர் 2-க்கு மறுநாளை 14 என்று எண்ணிய பின்னரே இரண்டும் ஒன்றாயின.

எனினும் இந்த வரலாறு மேற்பார்வையாளருக்கு முழுவதும் துணை நிற்பதில்லை. சாந்தோமிலாகட்டும், கோட்டையிலாகட்டும், எவரும் தனியே பெருவிழா கொண்டாடவில்லை. ஒரு மணியோசைக்கு ஓர் ஊரே எழுந்தது. உக்ரைனின் கிரேக்கக் கத்தோலிக்கத் திருச்சபை 2023-இல் ஜனவரி 7-ஐ விட்டு டிசம்பர் 25-க்கு வந்தபோதும், ஆயர் மன்றம் முடிவெடுத்து, திருச்சபையாக நகர்ந்தது. மாற்று விடுமுறையோ ஒருவனை மட்டும் நகர்த்துகிறது. 28-ஆம் நாள் அவன் கோவிலுக்குச் செல்கிறான். குடில் இருக்கிறது, பாடகர் குழு இல்லை. நண்பர்கள் பணியில் இருக்கிறார்கள். ஓய்வு கிடைத்தது, விழா கிடைக்கவில்லை.

இதில் நிறுவனத்தை மட்டும் குறைகூறுவது எளிது. ஜப்பானில் டிசம்பர் 25 பொது விடுமுறை அன்று. அங்கிருந்து வந்த நிர்வாகி அதன் பொருளை நாம் சொன்னாலன்றி எவ்வாறு அறிவார்? பங்குகளும் செய்யக்கூடியது உண்டு. பெருவிழாவின் எண்கிழமை ஜனவரி 1 வரை நீள்கிறது. அந்நாட்களில் ஒருநாள் மாலைத் திருப்பலிக்கு, பணிமுறையால் விழாவை இழந்தவர்களோடு பங்கு மக்களும் பாடகர் குழுவும் வந்து நிற்கலாமே. ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து வாடகை அறைகளில் தங்கியிருக்கும் சகோதரர்களுக்கு அது பேருதவியாகும்.

இன்னொன்றும் உண்டு. கிறிஸ்மஸ் இரவில் நமக்கு விடுப்பு கிடைக்கும்போது, நம் இடத்தில் எந்திரத்தின் முன் நிற்பவர் பெரும்பாலும் ஓர் இந்துச் சகோதரர். மூன்று வாரத்தில் பொங்கல். அன்றைய பணிப் பட்டியலில் அவருக்குப் பதிலாக நம்மில் எத்தனை பேர் பெயர் கொடுத்திருக்கிறோம்?