கட்டுப்பாடும் அமானிதமும்

சட்டத்திற்குப் பணிதல் என்பது ஒன்று. தடிக்கு அஞ்சி ஒதுங்குதல் என்பது மற்றொன்று. புறத்தோற்றத்தில் இவ்விரண்டும் ஒன்றுபோலவே காணப்படும். அடைத்த கதவு அடைத்த கதவாகவும், வெறிச்சோடிய தெரு வெறிச்சோடிய தெருவாகவுமே கண்ணுக்குப் புலப்படும். ஆயினும், கதவை அடைத்தவரின் உள்ளத்தில் என்ன இருந்தது என்பதைப் பொறுத்தே, தெருமுனையில் நின்ற காவலர் அகன்றபின் அக்கதவு என்னவாகும் என்பது அமையும். கொள்ளைநோய்க் காலத்தில் அரசு விதிக்கும் கட்டுப்பாடுகளுக்கு நாம் எதன் பொருட்டுப் பணிய வேண்டும்? அவற்றைச் செயற்படுத்துவோர் எந்த எல்லைக்குள் நிற்க வேண்டும்? இவை கொரோனாப் பெருந்தொற்று நம்மிடம் விட்டுச் சென்ற வினாக்கள். நோயின் வேகம் தணிந்துவிட்ட போதிலும் வினாக்கள் தணியவில்லை.

2020-ஆம் ஆண்டு மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவிக்கப்பட்ட நாடு தழுவிய ஊரடங்கு, அன்று நள்ளிரவே நடைமுறைக்கு வந்தது. இடையில் இருந்த அவகாசம் நான்கு மணி நேரம். நம் பள்ளிவாசல்களில் பாங்கு ஒலித்தது. தொழுகைக்கு வரிசைகள் நிற்கவில்லை. வாழ்நாளில் ஒரு ஜும்ஆவையும் தவறவிடாத முதியவர்கள், வெள்ளிக்கிழமை நண்பகலில் திண்ணையில் அமர்ந்து கண்ணீர் உகுத்ததை நாம் கண்டோம். "மழைக்கும் வெயிலுக்கும் மூடாத பள்ளியை நோய்க்கு மூடுவதா?" என்று நம்மிடம் கேட்டவர்கள் உண்டு. மழைக்கும் அவ்வாறு செய்யப்பட்டதுண்டு என்பதே அவர்களுக்கு நாம் அளித்த விடை. மழையால் சேறுபட்ட ஒரு ஜும்ஆ நாளில், மக்களைத் தொழுகைக்கு அழைக்கும் சொற்களுக்குப் பதிலாக, வீடுகளிலேயே தொழுதுகொள்ளுமாறு அறிவிக்கும்படி முஅத்தினுக்கு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் பணித்தார்கள். மக்கள் வியப்புற்றனர். தம்மினும் மேலானவர்களாகிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே இவ்வாறு செய்துள்ளார்கள் என்று அவர்கள் விளக்கினார்கள். சேற்றில் மக்கள் இடர்ப்படுவர் என்பதற்காகவே இச்சலுகை அளிக்கப்பட்டதென்றால், உயிர் போகும் இடர்க்கு அளிக்கப்படாதா?

இங்கு ஸர்ஃகு என்னும் இடத்தில் நிகழ்ந்ததை நினைவுகூர்வது பொருந்தும். ஷாம் நாட்டை நோக்கிப் புறப்பட்ட ஹளரத் உமர் (ரலி) அவர்களை அவ்விடத்தில் எதிர்கொண்ட படைத்தலைவர்கள், அந்நாட்டில் கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தியைக் கூறினர். கலீஃபா அவர்கள் உடனே ஆணையிடவில்லை. முஹாஜிர்களை அழைத்துக் கருத்துக் கேட்டார்கள். அவர்களிடையே கருத்து வேறுபட்டது. அன்ஸார்களை அழைத்தார்கள், அவர்களும் வேறுபட்டனர். குறைஷிகளின் முதியோரை அழைத்தபோது, அவர்கள் ஒருமுகமாகத் திரும்பிச் செல்வதே தக்கது என்றனர். அப்போது, இறைவனின் விதியைவிட்டு ஓடுவதா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் முகத்துக்கு நேரே வினவினார்கள். உமர் (ரலி) அவர்கள் அவரைத் தண்டிக்கவில்லை. ஓர் உவமையால் விளக்கினார்கள். ஒரு புறம் செழித்தும் மறுபுறம் வறண்டும் உள்ள பள்ளத்தாக்கில் ஒட்டகத்தை எப்புறம் மேய்த்தாலும் அது இறைவிதியே. ஆயினும் மேய்ப்பவன் செழித்த புறத்தையே தேர்வான் என்பது அவ்வுவமையின் கருத்து. அதன்பின் வந்து சேர்ந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள், கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் நுழையவும் வேண்டா, அவ்வூரில் இருப்போர் அதைவிட்டு ஓடவும் வேண்டா என்னும் பொருள்பட நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை எடுத்துரைத்தார்கள்.

இந்நிகழ்ச்சியை நம் மேடைகளில் தொற்றுத்தடுப்புக்குச் சான்றாக மட்டுமே எடுத்துரைக்கின்றோம். அதனினும் ஆழ்ந்த பாடம் ஒன்று இதில் உண்டு. ஆள்பவர் ஆராய்ந்தார், மாற்றுக் கருத்தைச் செவிமடுத்தார், காரணம் கூறினார், யாவற்றுக்கும் மேலாக, முதலில் திரும்பியது அவருடைய ஒட்டகமே. கட்டுப்பாடு தம்மிடமிருந்தே தொடங்கிற்று.

அபூஉபைதா (ரலி) அவர்களின் முடிவும் இதனையே உணர்த்தும். ஹிஜ்ரி 18-இல் (கி.பி. 639) அம்வாஸ் கொள்ளைநோய் ஷாமில் கடுமையுற்றபோது, கலீஃபா அவர்கள் ஓர் அலுவலைக் காரணமாகக் காட்டி அவரை மதீனாவுக்கு அழைத்து மடல் விடுத்தார்கள். தம்மைக் காக்கும் நோக்கமே அதில் இருப்பதை அவர் உணர்ந்துகொண்டார். படைவீரர்களை நோயிடையே விட்டுவிட்டுத் தாம் மட்டும் வெளியேற விரும்பவில்லை என்று விடையெழுதினார். அவ்விடத்திலேயே நோயுற்று மறைந்தார். தலைவர் என்பதற்காகக் கிடைத்த விலக்கை அவர் ஏற்கவில்லை. இந்த 'விலக்கு' என்னும் சொல்லுக்குச் சற்றுப் பின்னர் நாம் மீண்டும் வருவோம்.

மக்களின் பக்கத்தை நோக்குவோம். நன்மையை நாடியே கூடினோம் என்பது போதிய விடையாகுமா? ஹதீஸ் கலைப் பேரறிஞர் இப்னு ஹஜர் அஸ்கலானி (ரஹ்) அவர்கள், தம் பெண்மக்கள் மூவரைக் கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்தவர்கள். அந்நோய் குறித்து 'பத்லுல் மாஊன்' என்னும் நூலை யாத்தவர்கள். ஹிஜ்ரி 833-இல் (கி.பி. 1430) கெய்ரோவில் நோய் தோன்றியபோது நாளொன்றுக்கு இறந்தோர் நாற்பதுக்கும் குறைவு. மக்கள் மூன்று நாள் நோன்பு நோற்று, பாலைவெளியில் திரண்டு பிரார்த்தித்துத் திரும்பினர். அம்மாதம் முடியுமுன் நாளொன்றுக்கு இறப்போர் ஆயிரத்தைத் தாண்டினர் என்று அவர்கள் பதிவு செய்துள்ளார்கள். நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தானே தாவும் என்பதை ஏற்காதவர்கள் அவர்கள். முன்னோர் காட்டாத முறையில் கூடியதையே குறையாகக் கூறினார்கள். எனினும் தாம் கண்ட கணக்கை மறைக்கவில்லை. பிரார்த்தனை வீண் என்பது இதன் பொருளன்று. நோக்கத்தின் தூய்மை, செயலின் விளைவை மாற்றிவிடாது என்பதே பொருள்.

அப்படியாயின், கட்டுப்பாட்டை எவ்வாறு செயற்படுத்தினாலும் தகுமா? தகாது. ஆள்பவரின் செயல் யாவும் மக்கள் நலனுடன் பிணைக்கப்பட்டது என்பது நம் ஃபிக்ஹுக் கலையின் அடிப்படை விதிகளுள் ஒன்று. குடிமக்கள்பால் ஆள்பவரின் நிலை, அநாதையின்பால் அவனுடைய காப்பாளரின் நிலை போன்றது என்னும் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் கருத்தை, இமாம் சுயூத்தி (ரஹ்) அவர்கள் இவ்விதிக்கு வேராகக் காட்டுவார்கள். அநாதையின் பொருளைக் காக்க வந்தவர் அநாதையை அடிப்பதற்கு வந்தவரல்லர். அவர் கையில் இருப்பது உரிமையன்று; அமானிதம்.

இவ்வமானிதம் பிழைத்தால் என்ன நேரும் என்பதை வரலாறு காட்டியுள்ளது. 1897-இல் பிளேக் நோயை முன்னிட்டு ஆங்கில அரசு கொள்ளைநோய்ச் சட்டத்தை இயற்றிற்று. புனே நகரில் ராண்ட் என்னும் அதிகாரியின் பொறுப்பில் படைவீரர்கள் வீடுவீடாகப் புகுந்து சோதனையிட்டனர். பெண்டிர் உறையும் அறைகளும் பூசையறைகளும் விலக்குப் பெறவில்லை. அவ்வாண்டு ஜூன் 22-இல் அவ்வதிகாரி சுடப்பட்டார். மக்கள் நோய்க்கு அஞ்சியதினும் மிகுதியாகச் சோதனைக்கு அஞ்சினர், நோயாளிகளை மறைத்தனர். நோயைத் தேட வந்தவர்களே நோயை ஒளித்து வைக்கக் காரணமாயினர். அதே 1897-ஆம் ஆண்டுச் சட்டமே 2020-இலும் நம் நாட்டில் கையாளப்பட்டது.

2020 ஜூன் திங்களில் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தைக் கடந்து கடையைத் திறந்து வைத்திருந்ததாகக் கூறிக் கைது செய்யப்பட்ட தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு உயிர் நீத்தனர். உயிர்களைக் காப்பதற்காக விதிக்கப்பட்ட விதியின் பெயரால் இரண்டு உயிர்கள் பறிபோயின. இலங்கையிலோ, கொரோனாவால் இறந்தோர் அனைவரின் உடல்களும் எரிக்கப்பட வேண்டும் என்று 2020 ஏப்ரலில் ஆணை பிறந்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியிருந்தும் அவ்வாணை மாறவில்லை. பிறந்து இருபது நாள்களே ஆன முஸ்லிம் குழந்தையின் உடலும் எரிக்கப்பட்டது. 2021 பிப்ரவரி இறுதியில்தான் அடக்கத்திற்கு அனுமதி கிடைத்து, ஓட்டமாவடியில் அடக்கங்கள் தொடங்கின. 2024 ஜூலையில் அந்நாட்டு அமைச்சரவை மன்னிப்புக் கோர முடிவு செய்தது. தம் வீட்டு மையித்து எரிக்கப்படும் என்று அஞ்சுகின்ற குடும்பம், நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லத் தயங்குமா, தயங்காதா? காரணமற்ற கடுமை நோயைத் தடுப்பதில்லை, நம்பிக்கையையே தகர்க்கின்றது.

நம் நாட்டிலும் 2020-இல், டில்லி நிஜாமுத்தீன் தப்லீக் கூட்டத்தைக் காரணமாகக் காட்டி, நோயைப் பரப்பியவர்கள் முஸ்லிம்களே என்னும் பழி ஊரெங்கும் தூற்றப்பட்டது. அக்கூட்டத்திற்கு வந்திருந்த வெளிநாட்டினர் சிலர் மீதான வழக்குகளை, பம்பாய் உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை 2020 ஆகஸ்டில் ரத்து செய்தது. அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகவும் கருத்துரைத்தது. அநீதி அநீதியே. ஆயினும் பிறர் நம்மீது சுமத்திய பொய்ப்பழி, நாம் உண்மையில் செய்த பிழைகளுக்குத் திரையாகிவிடக் கூடாது. பிறருடைய பிழையைப் பேசுவது எளிது. ஆதலின் நம் பிழையையே இங்குக் கூறுகின்றோம்.

2021 மே திங்கள். இரண்டாம் அலை கடுமையாக வீசிய நேரம். தமிழகத்தில் முழு ஊரடங்கு. நமக்கு அரபு இலக்கணத்தின் முதற்பாடத்தைச் சொல்லித்தந்த உஸ்தாத் அவர்கள், எண்பதைக் கடந்தவர்கள், சில தெருக்களுக்கு அப்பால் வாழ்ந்தார்கள். பெருநாள் கழிந்தும் அவர்களைக் காணவில்லையே என்னும் ஏக்கம் நம்மை வாட்டிற்று. தொண்டையில் சிறு கரகரப்பு இருந்தது. வெயிலின் சூடு என்று நம்மை நாமே சமாதானம் செய்துகொண்டோம். தெருமுனைத் தடுப்பில் இரு காவலர்கள் நின்றனர். நமக்கு முன்னால் மிதிவண்டியில் வந்த சிறுவன் ஒருவன், பால் தூக்குடன் தடுக்கப்பட்டான். "பால் கொடுக்கப் போறேன் சார்" என்ற அவன் சொல் எடுபடவில்லை. தோப்புக்கரணம் போட வைத்தனர். நம் தாடியையும் தலைப்பாகையையும் கண்ட காவலரோ, "பாய், நீங்க போங்க, சீக்கிரம் திரும்பிடுங்க" என்று மரியாதையுடன் வழிவிட்டார். நாம் தலையசைத்துக் கடந்தோம்.

உஸ்தாத் அவர்களின் கரம் பற்றி முஸாஃபஹா செய்தோம்; அரை மணி நேரம் அருகமர்ந்து உரையாடினோம். நான்காம் நாள் நமக்குத் தொற்று உறுதியாயிற்று. அடுத்த வாரம் அவர்களுக்கும். நாம் மீண்டோம், அவர்கள் மீளவில்லை. ஜனாஸாவில் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே நின்றனர். நாம் நிற்கவும் இயலவில்லை. நம்மால்தான் நேர்ந்தது என்று எவரும் கூறவில்லை. அவர்களின் மக்கள் இன்றும் நம்மிடம் அன்பு மாறாதிருக்கின்றனர். வேறு வழியாகவும் தொற்று வந்திருக்கலாம். இதனை அறிந்தவன் இறைவன் ஒருவனே. நாம் அறிந்தது ஒன்றே: அவ்வாறு நேரக்கூடும் என்று தெரிந்திருந்தும் சென்றோம்.

அத்தடுப்பில் நிகழ்ந்ததை நாம் பன்முறை எண்ணிப் பார்த்ததுண்டு. தீங்கற்ற சிறுவன் தண்டிக்கப்பட்டான். தீங்கைச் சுமந்து சென்ற நாம் மரியாதை பெற்றோம். காவலர் முகத்தைப் பார்த்தார், நோயைப் பார்க்கவில்லை. அது அவருடைய பிழை. ஆனால் நம் தொண்டையின் கரகரப்பை அவர் எவ்வாறு அறிவார்? அதை அறிந்த காவலர் அத்தெருவில் ஒருவரே இருந்தார், அவர் நாமே. அபூஉபைதா (ரலி) அவர்கள் வேண்டாமென்று தள்ளிய விலக்கை, அவர்களின் வரலாற்றை மாணவர்க்குப் போதிக்கும் நாம் மனமுவந்து பெற்றுக்கொண்டோம்.

தடி எட்டும் தொலைவு மிகக் குறைவு. வீட்டினுள்ளும், நோயாளியின் படுக்கையருகிலும், உறவின் நெருக்கத்திலும் அது எட்டாது. நோய் பரவுவதோ பெரும்பாலும் அவ்விடங்களிலேயே. ஆகவே கட்டுப்பாட்டின் உயிர், காவலரின் கையில் அன்று, குடிமகனின் உள்ளத்திலேயே உள்ளது. அவ்வுள்ளத்தில் அதை விதைக்க வல்லவை காரணம் கூறும் சொல்லும், ஆள்வோரின் முன்மாதிரியும், ஏழையின் அடுப்பு அணையாமற் காக்கும் கரமும் ஆகும். அன்றாடக் கூலியை இழந்தவனிடம் உணவளிக்காமல் 'வெளியே வராதே' என்பது கட்டுப்பாடன்று, கைவிடுதல். அநீதியாக ஓங்கும் ஒவ்வொரு தடியும், 'தடி இல்லாத இடத்தில் விதியும் இல்லை' என்னும் பாடத்தையே மக்களுக்குக் கற்பிக்கின்றது. ஆயினும் அதிகாரி பிழைத்தார் என்பதால் அண்டை வீட்டாரின் உயிர்மீது நமக்குள்ள கடமை நீங்கிவிடாது. அக்கடமை அதிகாரிக்குச் செலுத்தும் கப்பமன்று. அண்டை வீட்டாருக்கு நாம் திருப்பித் தர வேண்டிய அமானிதம்.

உஸ்தாத் அவர்களுக்காக ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் துஆச் செய்து வருகின்றோம். அச்சிறுவனின் பெயரை நாம் கேட்டுக்கொள்ளவில்லை. அவனுக்காக அன்று ஒரு சொல் பரிந்து பேசியிருக்கலாம். நம் சொல்லுக்கு அக்காவலர் செவி சாய்த்திருப்பார். பேசாமற் கடந்தோம். இவ்விரண்டு கடன்களையும் இறைவன் நமக்கு மன்னித்தருள்வானாக.